நான்கு டிஸ்க் சர்வர்: ரெய்டு 5-ஆ, ரெய்டு 10-ஆ?

8 டெராபைட் ஹார்ட் டிஸ்க் நான்கு, அதன்மேல் டேட்டாபேஸ் ஓடப்போகிறது என்றால் ரெய்டு 10 போடுங்கள். ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை; ரெய்டு 10-இல் டிஸ்க்குகள் ஜோடி ஜோடியாக ஒரே டேட்டாவை வைத்திருக்கும். நகலே வைக்காத ரெய்டு 0 பேச்சே வேண்டாம். ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு.

இடத்தில் ரெய்டு 5 முந்தும்: 24 டெராபைட் கிடைக்கும், ரெய்டு 10-இல் 16தான். எழுதும் வேகத்தில் தலைகீழ். ரெய்டு 5-இல் சின்னதாக ஒன்றை மாற்றி எழுத, பழைய டேட்டா, பழைய பாரிட்டி (ஒரு டிஸ்க் போனால் அதிலிருந்ததைக் கணக்கிட்டு மீட்க உதவும் கூடுதல் தகவல்) இரண்டையும் படித்து, பிறகு இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். ஆக நான்கு வேலை. ரெய்டு 10-இல் இரண்டே எழுத்து.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஒரு டிஸ்க் செத்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ரெய்டு 10-இல் புது டிஸ்க்கைச் செருகினால் அதன் ஜோடியிலிருந்து 8 டெராபைட் நகலாகும், அவ்வளவுதான். விநாடிக்கு 200 மெகாபைட் விடாமல் ஓடினாலும் 11 மணி நேரம்; சர்வரில் வேலையும் நடந்தால் இன்னும் இழுக்கும். ரெய்டு 5-இலோ மீதி மூன்றையும் முழுக்கப் படிக்க வேண்டும், 24 டெராபைட். சாதாரண டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் அளவு, சுமார் 12.5 டெராபைட் படித்தால் ஒரு படிக்க முடியாத பிழை வரலாம் என்பது. நடைமுறையில் பல டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கும், ஆனால் பாதுகாப்பே இல்லாத அந்த நேரத்தில் அதை நம்பி உட்கார முடியாது. டெஸ்க்டாப் டிஸ்க்காக இருந்தால் இன்னொரு தொல்லை: ஒரு கெட்ட செக்டரோடு (டிஸ்க்கின் ஒரு சிறு பகுதி) பல விநாடிகள் மல்லுக்கட்டும், ரெய்டு கார்டு அதுவரை பொறுக்காமல் அந்த டிஸ்க்கையே கழற்றிவிடும். எஸ்எம்ஆர் வகை (தடங்களைச் சற்றே ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும்) டிஸ்க்குகளை ரெய்டு 5, 10 இரண்டுக்குமே வாங்காதீர்கள், ரீபில்டில், அதாவது புது டிஸ்க்கில் டேட்டாவைத் திரும்ப நிரப்பும்போது, தவழும்.

எட்டு, பத்து டிஸ்க் வைத்துப் பெரிய கோப்புகளைச் சேமிக்க மட்டும் என்றால் ரெய்டு 6 சரி. எந்த இரண்டு போனாலும் தாங்கும். முழுக்க எஸ்எஸ்டி உள்ள சர்வரில் ரீபில்ட் சீக்கிரம் முடிவதால், ரெய்டு 10தான் என்று இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன்.

எதைப் போட்டாலும் பேக்கப் தனியாக வேண்டும். அழித்த ஃபைல் எல்லா டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். மாதம் ஒரு முறை முழு வரிசையையும் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓட்டுங்கள். ஒவ்வொரு டிரேயிலும் டிஸ்க்கின் சீரியல் எண்ணை ஒட்டிவையுங்கள். ஒன்று செத்திருக்கும்போது கை தவறி நல்லதை உருவினால், ரெய்டு 5 அந்த நொடியே நின்றுவிடும். ரெய்டு 10 நிற்பது செத்ததன் ஜோடியை உருவினால் மட்டும்தான்.