நரிவேட்டை நாய்க்கொட்டிலில் ஒரு பார்வையாளர் நாள்: மதிப்புரை

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் கிராமப்புறத்தில் இயங்கும் ஒரு நரிவேட்டைக் குழு, கோடையில் ஒரு நாள் தன் நாய்க்கொட்டிலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறது. ஆளுக்கு 8 பவுண்டு கட்டணம். ஒன்றரை மணி நேரம் அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். முடிவில் தேநீரும் கேக்கும் உண்டு. வேட்டையை எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒரு நாய்க்கூட்டம் ஒரு வட்டாரத்தையே தலைமுறை தலைமுறையாக எப்படிக் கட்டிவைத்திருக்கிறது என்று அறியும் ஆவல் இருந்ததால் போனேன். அந்த ஆவலில் பாதிதான் தீர்ந்தது.

தீர்ந்த பாதி முழுவதும் கொட்டிலில் கிடைத்தது. நுழைந்தவுடனேயே நமக்குச் சொல் திருத்தம் நடக்கிறது. அங்கு நாயை நாய் என்று சொல்லக் கூடாது, ஹவுண்ட் என்றே சொல்ல வேண்டும். எண்ணுவதும் ஜோடிக் கணக்கில்தான். முப்பத்தொன்று என்றால் பதினைந்தரை ஜோடி. ஹன்ட்ஸ்மேன் எனப்படும் தலைமை வேட்டையாளர் தீனி வேளையில் கதவைத் திறந்து வாசலில் நின்று ஒவ்வொரு பெயராக அழைக்க, அழைக்கப்பட்டது மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வருகிறது. மற்றவை வாலை ஆட்டியபடி தம் முறைக்குக் காத்திருக்கின்றன. பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே பழுப்பு, ஒரே கறுப்புத் திட்டு. அவரோ ஒவ்வொன்றின் பாட்டி எந்த வேலியைத் தாண்டியது என்பது வரை சொல்கிறார். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குத் தாய் அல்லது தந்தையின் பெயரில் வரும் முதல் எழுத்திலேயே பெயர் வைப்பது மரபு என்பதால், பெயரைக் கேட்டவுடன் வம்சம் அவருக்கு நினைவுக்கு வந்துவிடுகிறதாம். வயதான பெட்டை ஒன்று என் முழங்காலில் முழு எடையையும் சாய்த்துக்கொண்டு நின்றது. நகர்ந்தால் விழுந்துவிடுமோ என்று நானும் நகரவில்லை.

ஊரார் இந்தக் கொட்டிலோடு ஒட்டியிருப்பதற்கு வேட்டை மட்டும் காரணம் இல்லை. பால்குடி மறந்த குட்டிகளைச் சுற்றுவட்டாரப் பண்ணை வீடுகள் சில மாதங்கள் வளர்த்துக் கொடுக்கின்றன. கோழிக்கும் ஆட்டுக்கும் நடுவே வளரும் குட்டி, பிற்காலத்தில் ஆட்டு மந்தையைக் கண்டால் துரத்தாமல் இருக்க அங்கேதான் பழகுகிறது. திரும்பி வந்தபின் கோடையில் குட்டிகளுக்கு ஒரு கண்காட்சி நடத்துகிறார்கள். தான் வளர்த்த குட்டி பரிசு வாங்கிய கதையைச் சொல்லும்போது எண்பது வயதுப் பாட்டி ஒருவரின் குரல் தழுதழுத்தது. தன் பேரப்பிள்ளைகளைப் பற்றி அவர் அவ்வளவு பேசவில்லை. ஊரைக் கொட்டிலோடு பிணைக்கும் இன்னொன்று இறைச்சிக் கூடம். பண்ணையில் செத்த கால்நடையை அங்கேயே புதைப்பதற்கு 2003 முதல் தடை இருக்கிறது. அவற்றை எடுத்துச் செல்லும் வேலையை வேட்டைக் கொட்டில்களும் செய்கின்றன. உண்ணத் தகுந்த இறைச்சி ஹவுண்டுகளுக்குத் தீனியாகிறது. அந்த அறையின் வாடையைக் குறிப்புத்தாளில் எழுதவில்லை. எழுதியிருந்தால் சிலர் வெறும் வயிற்றோடு வந்திருப்பார்கள்.

ஏமாற்றம், வரலாற்றுக் கூடம் என்று பெயர் பலகை மாட்டிய பழைய குதிரை லாயத்தில் காத்திருந்தது. குவார்ன் என்ற வேட்டைக் குழுவை 1753 முதல் 1800 வரை நடத்திய ஹ்யூகோ மெய்னலைப் பற்றிய பலகை மட்டும் உருப்படியானது. மோப்பத்தோடு வேகமும் கொண்ட ஹவுண்டுகளை அவர் பொறுக்கி இனப்பெருக்கம் செய்ததையும், வேட்டையை விடியற்காலையிலிருந்து பகலுக்குத் தள்ளியதையும் அது தெளிவாகச் சொல்கிறது. ஆனால் வேட்டைக்கு நரி கிடைக்க வேண்டும் என்பதற்காகவே நிலவுடைமையாளர்கள் முட்புதர்க் காடுகளை வளர்த்துப் பாதுகாத்தார்கள் என்ற வேடிக்கையை, நரித்தொல்லையை ஒழிக்கவே வேட்டை என்று எழுதிய பலகையின் அருகில் யாரும் வைக்கவில்லை. பெரும்பாலான புகைப்படங்களுக்குக் கீழே ஆண்டும் இல்லை, பெயரும் இல்லை.

அதைவிடப் பெரிய குறை, வரலாறு கறுப்பு வெள்ளைப் படங்களோடு நின்றுவிடுவது. நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடை செய்த 2004ஆம் ஆண்டுச் சட்டம், 2005 பிப்ரவரி 18 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்படியொரு தடை வரவிருப்பதை எதிர்த்து 2002 செப்டம்பரிலேயே லண்டனில் சுமார் 4 லட்சம் பேர் அணிவகுத்தார்கள். இந்தக் கிராமத்திலிருந்தும் பேருந்து பேருந்தாகப் போனதாகத் தேநீர் மேசையில் மூவர் என்னிடம் சொன்னார்கள். அதற்குக்கூடச் சுவரில் ஒரு படம் இல்லை. தடைக்குப் பின் இக்குழுக்கள், முன்கூட்டியே இட்ட மோப்பத் தடத்தில் ஹவுண்டுகளை ஓட்டும் டிரெயில் ஹண்டிங் முறைக்கு மாறியிருக்கின்றன. அது உண்மையான வேட்டைக்கான திரை என்பது எதிர்ப்பாளர்களின் குற்றச்சாட்டு. அதையும் தடை செய்வதாக லேபர் கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் கூறியது. தடம் இடுவது யார், தடத்தில் நிஜ நரி குறுக்கிட்டால் ஹவுண்டுகளை எப்படி நிறுத்துவீர்கள் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். கேக் ஆறிவிடும் என்றார். கேக் ஏற்கெனவே ஆறித்தான் இருந்தது.

கொட்டிலுக்கு ஐந்தில் நான்கு, வரலாற்றுக் கூடத்துக்கு ஒன்று. குழந்தைகளை அழைத்துச் செல்லலாம். இறைச்சிக் கூடத்தின்போது வெளியே நிற்க வைக்கலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. ரப்பர் பூட்ஸ் அவசியம், அட்டையில் பணம் வாங்குவதில்லை. தாமதமாகப் போகிறவர்கள் தீனி வேளையைத் தவறவிட்டு நேராக லாயத்தில்தான் போய் நிற்பார்கள்.