நாற்பது பிள்ளைகளுக்கு எந்த வாத்தியம்?

அரசுப் பள்ளிக்கு வாத்தியம் வாங்கித் தரலாம் என்று முன்னாள் மாணவர்கள் கூடினால், முதலில் வாயில் வருவது கீபோர்டுதான். கொடுக்கும்போது போட்டோவில் எடுப்பாக இருக்கும். அப்புறம் நேரே தலைமையாசிரியர் அறை பீரோ. யாரையும் குறை சொல்ல முடியாது, கணக்கு அப்படி. நாற்பது பேர், நாற்பது நிமிடப் பாடவேளை என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம். அடாப்டர் போய்விட்டால் அதுவும் இல்லை.

பேண்டு செட் பல பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஆகஸ்ட் 15 அணிவகுப்புக்கு மிடுக்குதான். ஆனால் அதில் ஊதும் பித்தளைக் கொம்பான பியூகிளில் விரல் வைக்க எதுவும் கிடையாது. உதட்டை இறுக்கித் தளர்த்தி ஐந்தாறு ஸ்வரம் எடுக்கலாம், பாட்டு வராது.

அடுத்தது ரெக்கார்டர், அதாவது விசில் போல நுனியில் வாய் வைத்து ஊதும் குழல். பிளாஸ்டிக்கில் சில நூறு ரூபாய். புல்லாங்குழலைப் போல உதடு பழகும்வரை காத்திருக்க வேண்டாம், ஊதியதும் சத்தம் வரும். துளையை விரல் சரியாக மூடாவிட்டால் 'கீச்'. நாற்பது கீச் என்றால் பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சரை நினைத்துப் பாருங்கள். வாயில் வைப்பது என்பதால் ஆளுக்கொன்று வாங்கியாக வேண்டும்.

என் ஓட்டு பறைக்கு. எட்டுப் பறை இருந்தால் போதும். மற்றவர்கள் அதே தாளத்துக்குக் கைதட்டி அடவு போடலாம், யாரும் சும்மா உட்கார வேண்டியதில்லை. ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் ஒல்லியான சிண்டுக்குச்சி. முதல் நாளே கை ஒன்று கேட்கும், ஒன்று கேட்காது, அதுதான் பாடம். சிக்கலும் உண்டு. மழைக்காலத்தில் தோல் தொய்ந்துவிடும், தீயில் காய்ச்ச வேண்டும். பள்ளி வளாகத்தில் தீ மூட்ட யார் விடுவார்கள்? ஃபைபர் பறைக்கு அந்தத் தொல்லை இல்லை, தோலின் கார்வையும், அந்த நீண்ட அதிர்வும், இல்லை. 'சாவு மேளமா?' என்று முகம் சுளிக்கும் பெற்றோரும் இருப்பார்கள். அதற்காகப் பின்வாங்க வேண்டாம், முதல் வரிசையில் எல்லாத் தெருப் பிள்ளைகளையும் நிறுத்துங்கள்.

தாளம் கையில் படிந்த பிறகு ரெக்கார்டர். தவில், நாதஸ்வரம் என்று ஆசைப்படும் பிள்ளைக்கு மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது.

சரி, பீரோவில் உள்ள கீபோர்டு? காலைப் பிரேயருக்கு வெளியே எடுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து மோகன ராகம், ஐந்தே ஸ்வரம், கறுப்புக் கட்டைகள் ஐந்திலேயே வாசித்துவிடலாம். மொத்தம் 55 விநாடிதான், தினம் ஒரு பிள்ளை.