போஸ்டர் பிரிண்ட்: பிரேம் நல்லம், சிவப்புத்தான் சொதப்பல்

கல்முனையில் ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடை, பெயர் வேண்டாம். ஜோசெப் ரெனாவின் இரண்டு படங்களை ஏ3 அளவில் அடித்து பிரேமும் போட்டு எடுத்தேன், மொத்தம் 4,800 ரூபாய்.

"ஆரண்ணே இவர்?" என்று கடைத் தம்பி கேட்டான். 1907இல் வலென்சியாவில் பிறந்த கம்யூனிஸ்ட், படங்களை வெட்டி ஒட்டியே அரசியல் பேசியவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் நுண்கலைப் பணிப்பாளர் நாயகமாக இருந்தபோது 1937 பாரிஸ் கண்காட்சிக்கு பிக்காசோவிடம் ஓவியம் கேட்டார், குவெர்னிகா அப்படி வந்ததுதான். ஆனால் எனக்குப் பிடித்த கதை வேறு. குண்டுவீச்சுக்குப் பயந்து மட்ரிட் பிராடோ அரும்பொருளக ஓவியங்களை வலென்சியாவுக்கு ஏற்றிவந்து பழைய கோட்டைவாயில் கோபுரத்துக்குள் வைத்தார்கள், மேலே கொங்கிரீட் போட்டு, அதற்கும் மேல் ஒரு மீற்றருக்கு உமி கொட்டினார்களாம். நெல் உமிதான்! வலென்சியாவும் வயற்காட்டு ஊர். சம்மாந்துறைப் பக்கம் ஆலைக்குப் பின்னால் குவிந்து கிடக்கிற அதே சாமான்.

ரெனாவின் வாழ்க்கை மறுகா மெக்சிகோவில், 1958இலிருந்து கிழக்கு ஜேர்மனியில், 1982இல் அங்கேயே காலமானார்.

சரி, பிரிண்டுக்கு வருவோம். கறுப்பு நன்றாக விழுந்திருக்கிறது, தேக்குப் பிரேம் கச்சிதம். சிவப்பு மட்டும் செம்மஞ்சளாகிவிட்டது, ரெனாவுக்குச் சிவப்பு போனால் என்ன மிச்சம் சொல்லுங்கள். திரும்பக் கொண்டுபோனதும் காசு கேட்காமல் ஒன்றை மாற்றி அடித்துத் தந்தார்கள், மற்றதற்கு மை வரவேண்டுமாம், இரண்டு கிழமையாகக் காத்திருக்கிறேன்.