வாட்டர் யாம்: ஒரு பெட்டி, நிறைய அட்டைகள்

ஜார்ஜ் பிரெக்ட் தொழிலால் வேதியியலாளர்; ஜான்சன் அண்டு ஜான்சனில் ஆராய்ச்சி செய்தவர். 1963இல் ஃப்ளக்ஸஸ் என்ற கலை இயக்கத்தின் வெளியீடாக வந்த அவருடைய 'வாட்டர் யாம்' பெட்டியின் மறுபதிப்பை நண்பரிடம் இரவல் வாங்கினேன். உள்ளே புத்தகமில்லை, செய்யவோ கவனிக்கவோ வேண்டிய சின்னச் சின்ன நிகழ்வுகளைக் குறிக்கும் வெறும் அட்டைகள். ஒன்றில், தலைப்பை விட்டால், மூன்றே சொற்கள்: பனிக்கட்டி, தண்ணீர், நீராவி. முப்பது வருடம் இதையே கரும்பலகையில் எழுதிச் சம்பளம் வாங்கிய எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

இன்னோர் அட்டை, சொட்டும் நீருக்குக் கீழே காலிப் பாத்திரத்தை வைக்கச் சொல்கிறது. எங்கள் சமையலறைக் குழாய் ஆறு மாதமாகச் சொட்டுகிறது. அன்றிரவு எவர்சில்வர் தூக்கை வைத்தேன்: ணங், ணங். நீர் சேரச் சேர ஓசை தடித்து 'டொளுக்' ஆனது. பித்தளைச் சொம்பில் வேறு ராகம். எழுந்து வந்த மனைவி, "முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள்" என்றாள். ஆனாலும் ஐந்து நிமிடம் நின்று கேட்டாள்.

'யாம்' என்பது மே மாதத்தின் ஆங்கிலப் பெயரைத் திருப்பிப் போட்டது. தமிழில் அதற்கு 'நாங்கள்' என்று பொருள் எனத் தெரிந்திருந்தால் மனிதர் இன்னோர் அட்டை அச்சடித்திருப்பார்.

குறை ஒன்றுதான். அட்டைகள் ஒவ்வொன்றும் ஓர் அளவு. சின்னவை நழுவி ஓடுகின்றன. ஒன்றை அலமாரி இடுக்கில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நண்பரிடம் சொல்லவில்லை.