திறந்த குழுவா, சிறிய வட்டமா? புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறையினரை ஒன்றுசேர்க்க இரண்டு வழிகள்

புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறையில் பணிபுரிவோரை ஒன்றுசேர்க்க விரும்புபவர் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பெரிய குழுவைத் தொடங்கலாம். அல்லது உறுப்பினர் ஒருவரின் அறிமுகத்தின் பேரில் மட்டும் ஆள் சேர்த்து, மாதம் ஒருமுறை நேரில் கூடும் சிறிய வட்டத்தை நடத்தலாம். முதலாவதைச் சில ஆண்டுகள் நடத்திவிட்டு இரண்டாவதற்கு மாறியவன் நான். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு தெரியத்தான் செய்யும்.

திறந்த குழுவின் வசதிகள் எல்லோரும் அறிந்தவை. செலவு இல்லை, வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரையும், டெலிகிராம் குழுவில் 2 லட்சம் பேர் வரையும் சேரலாம். இன்வெர்ட்டர் திரையில் தோன்றும் பிழைக் குறியீட்டைப் படமெடுத்துப் போட்டால் அரை மணி நேரத்தில் பதில் வந்துவிடும். வேலைவாய்ப்புச் செய்தி பரவுவதற்கும் இதைவிட நல்ல இடம் இல்லை.

என்னை மாற்றியது வேறொன்று. இத்துறையில் பழுதைப் பற்றிய அறிவுக்குத்தான் மதிப்பு அதிகம். சூரிய பேனல்களின் உற்பத்தித் திறனுக்குப் பொதுவாக 25 ஆண்டு உத்தரவாதம் தரப்படுகிறது. இன்வெர்ட்டரையோ 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டியிருக்கும். எனவே ஏழாவது ஆண்டிலும் பன்னிரண்டாவது ஆண்டிலும் என்ன கெட்டுப்போனது, ஏன் கெட்டுப்போனது என்பதே புதிதாக வடிவமைப்பவருக்குத் தேவையான செய்தி. அதைச் சொல்லக்கூடியவர் நிலையத்தைப் பராமரிப்பவர். சொன்னால் தன் நிறுவனத்தின் தவற்றை ஒப்புக்கொண்டதாகும். போட்டி நிறுவனத்தாரும் வாடிக்கையாளரும் பார்த்துக்கொண்டிருக்கும் குழுவில் அவர் எப்படி வாய் திறப்பார்? அந்த மௌனத்தை விளம்பரங்களும் பயிற்சிச் சான்றிதழ்ப் படங்களும் நிரப்பின. அவற்றை நீக்குவதே என் அன்றாட வேலையாயிற்று.

வட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பராமரிப்புப் பொறியாளர் ஒருவர், தொடராக இணைத்த பேனல்களில் எதிர்மின் (நெகட்டிவ்) முனையை ஒட்டியவை மட்டும் திறன் குறைந்துவருவதாகவும், தூசி என்று நினைத்துக் கழுவிப் பார்த்தும் பயனில்லை என்றும் தயக்கத்தோடு சொன்னார். எதிரே இருந்தவர், அது மின்னழுத்தத்தால் பேனலில் ஏற்படும் திறனிழப்பாக, அதாவது துறையினர் பி.ஐ.டி. என்று சொல்வதாக, இருக்கலாம் என்றார். இன்வெர்ட்டரின் வகை இடம்கொடுத்தால் எதிர்மின் முனையை நிலத்தோடு இணைக்கலாம், அல்லது இரவில் எதிர்த்திசை மின்னழுத்தம் கொடுத்து இழந்ததில் பெரும்பகுதியை மீட்கலாம் என்றும் விளக்கினார். இந்த விளக்கம் நூல்களிலும் கிடைக்கும். ஆனால், தம் நிலையத்திலேயே அது நேர்ந்தது என்றும், அதைக் கண்டுபிடிக்க எத்தனை மாதங்கள் வீணாயின என்றும் விளக்கியவரே சொன்னது வேறெங்கும் கிடைக்காது.

அந்தத் துணிவுக்குக் காரணம் ஒரு விதி. லண்டனிலுள்ள பன்னாட்டு விவகார ஆய்வு நிறுவனமான சாத்தம் ஹவுஸ் 1927இல் வகுத்த விதிப்படி, கூட்டத்தில் கேட்ட செய்தியை எவரும் பயன்படுத்தலாம். சொன்னவரோ கூட்டத்துக்கு வந்த மற்றவரோ யார், எந்த நிறுவனத்தவர் என்பதை மட்டும் வெளியிடக் கூடாது. ஆயிரம் பேர் குழுவில் இந்த விதியை அறிவிக்கலாம், காக்க முடியாது. திரைப்பிடிப்பு எடுக்க ஒரு நொடி போதும். முப்பது பேர் வட்டத்தில் ஒருவர் மீறினால், அவரை அறிமுகப்படுத்தியவரே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த நெருக்கத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. போட்டி நிறுவனத்தார் மூடிய அறையில் கூடி ஒப்பந்தப்புள்ளி விலையைப் பற்றிப் பேசினால், பல நாடுகளின் போட்டிச் சட்டங்களின்படி அது குற்றமாகலாம். அதனால் பழுதைப் பேசலாம், விலையைப் பேசக் கூடாது என்பதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுகிறோம். இது சற்றுச் சலிப்பூட்டினாலும் தவிர்க்க முடியாதது.

மூன்றாவது வழியாக, 1954இல் தொடங்கிய பன்னாட்டுச் சூரிய ஆற்றல் கழகம் போன்ற பழைய அமைப்புகளில் இணையலாம். அத்தகைய அமைப்புகளில் வெறும் உறுப்பினராக மட்டுமே இருந்திருக்கிறேன், கிளை எதையும் நடத்தியதில்லை. எனவே அதை எடைபோட எனக்குத் தகுதி போதாது. காற்றாலைத் துறையினருக்கு என் அனுபவம் எவ்வளவு பொருந்தும் என்பதும் ஐயமே, ஏனெனில் எங்கள் வட்டத்தில் பெரும்பாலோர் சூரிய மின்சாரத்தைச் சேர்ந்தவர்கள்.

வட்டம் உண்மையில் தோற்கும் இடம் புதியவர்கள் விஷயத்தில்தான். அறிமுகம் கேட்கும் அமைப்பில், எவரையும் அறியாத இளம் பொறியாளர் வெளியிலேயே நிற்க நேரிடுகிறது. அதற்காகவே பழைய திறந்த குழுவைக் கலைக்காமல் வேலைவாய்ப்பு அறிவிப்புக்கென வைத்திருக்கிறேன். மூன்று கூட்டங்களுக்கு ஒருமுறை, உறுப்பினர் ஒவ்வொருவரும் துறைக்குப் புதிய ஒருவரை அழைத்து வர வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம்.