ஓர்வியேத்தோ: கதீட்ரலுக்குப் போகும் முன் கிணற்றில் இறங்குங்கள்

இத்தாலியின் ஓர்வியேத்தோவுக்கு வருகிறவர்கள் நேரே கதீட்ரலுக்குப் போய்விட்டு, நேரம் மிஞ்சினால்தான் சான் பாத்ரீசியோ கிணற்றுப் பக்கம் வருகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். இந்த ஊர் ஏன் இப்படி இருக்கிறது என்பது கிணற்றில்தான் புரியும். களைத்த காலோடு இறங்குகிற இடமும் அல்ல அது.

எரிமலைச் சாம்பல் இறுகிய செங்குத்துப் பாறையின் உச்சியில் ஊர். எதிரி ஏறுவது கடினம்; ஆனால் தண்ணீர் பாறையில் தங்காமல் கசிந்து, அடியிலுள்ள களிமண் மேல்தான் நிற்கும். 1527ல் ரோம் சூறையாடப்பட்டபின் இங்கே தஞ்சம் புகுந்த போப் ஏழாம் கிளமெண்ட், முற்றுகை வந்தால் ஊர் தாகத்திலேயே பணிந்துவிடும் என்று பயந்து வெட்டச் சொன்ன கிணறு இது. வடிவமைத்தவர் இளைய அந்தோனியோ தா சாங்காலோ. 1537ல் வேலை முடிந்தபோது கிளமெண்ட் உயிரோடு இல்லை.

ஆழம் சுமார் 53 மீட்டர், அகலம் 13 மீட்டர். நடுவே திறந்த குழி; அதைச் சுற்றி எங்கும் சந்தித்துக்கொள்ளாத இரண்டு சுழல் பாதைகள். கோவேறு கழுதை ஒரு வாசலில் வெறுமையாக இறங்கி, அடியில் சிறு பாலத்தைத் தாண்டி, தண்ணீர்ச் சுமையோடு மறு பாதையில் ஏறி எதிர் வாசலில் வெளியே வரும். எதிரெதிரே வந்து முட்டிக்கொள்ளும் பேச்சே இல்லை. குழியைப் பார்த்த சன்னல்கள் 70க்குக் குறையாது. பாதி வழியில் ஒன்றில் நின்று எட்டிப் பாருங்கள்: இறங்குகிறவரும் ஏறுகிறவரும் எதிரெதிர்ச் சன்னல்களில் தெரிவார்கள். சுவரையும் கவனியுங்கள்: மேலே வெட்டிய பாறை, கீழே செங்கல். களிமண் தானாக நிற்காது என்பதால் வந்த கட்டு அது.

இறங்க 248 படி, ஏற 248 படி. லிஃப்ட் கிடையாது. கழுதை நடைக்கான அகலப் படிகள், முன்பக்கம் சாய்ந்தவை. நம் காலடிக்குச் சரியாக அமையாததால் இறங்கும்போதே முழங்கால் பிடிக்கும். அடியில் ஈரம், வழவழப்பான செருப்பு வழுக்கும். கோடையிலும் குளிரும், ஒரு மேலாடை வேண்டும்.

அதிவேக ரயில்கள் பொதுவாக இங்கே நிற்பதில்லை. ரோமில் 'ரெஜியோனாலே' (பிராந்திய ரயில்) வண்டி பார்த்து ஏறுங்கள். ஸ்டேஷன் எதிரிலேயே, பாறை மேலுள்ள ஊருக்குக் கம்பிவடத்தில் ஏறும் இழுவை ரயில். 1888ல் தண்ணீரின் எடையால் ஓடியது, 1990 முதல் மின்சாரம். மேலே இறங்கினால் சில எட்டில் கிணறு.

முழங்கால் வலி உள்ளவர்கள் ஊரின் மேற்குக் கோடியிலுள்ள போத்ஸோ தெல்லா காவாவுக்குப் போகலாம். அதுவும் கிளமெண்ட் அகலப்படுத்திய கிணறுதான். ஒட்டினாற்போல, ரோமானியருக்கு முன் இங்கே வாழ்ந்த எட்ருஸ்கர் காலத்துக் குறுகிய செவ்வகக் குழி இருக்கிறது. ஏறி இறங்கக் கால் வைக்க வெட்டிய பள்ளங்கள் அதன் சுவரில் இன்னும் அப்படியே இருக்கின்றன.