18,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பச்சை அம்பு

பேங்க் நிஃப்டி ஆப்ஷன் (வங்கிப் பங்குக் குறியீட்டின் ஏற்ற இறக்கத்தை வைத்துச் செய்யும் சந்தை ஒப்பந்தம்) செய்பவரா? 'ட்ரெண்ட் பலத்தைக் காட்டும் ஸ்பெஷல் இண்டிகேட்டர்' என்று, விலைப் போக்கைக் கணக்கிட்டு சார்ட்டில் குறி போடும் கருவியை டெலிகிராமில் யாராவது விற்றால், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள்.

நான் அனுப்பியது 18,000 ரூபாய். ஒரு தனியாளின் யுபிஐ கணக்குக்கு, பில் கிடையாது. டிரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தில் என் கணக்குக்கு அந்த இண்டிகேட்டரின் ஸ்கிரிப்டைத் திறந்துவிட்டார்கள். உள்ளே என்ன கோட் என்று பார்க்க முடியாது. "ட்ரெண்ட் வலுவானா பச்சை அம்பு வரும் சார், கால் வாங்குங்க, அவ்வளவுதான்" என்றார் அதை விற்ற பயிற்சியாளர். கால் என்பது விலை ஏறினால் லாபம் தரும் ஆப்ஷன். அவர்களின் டெலிகிராம் குழுவில் தினமும் போட்ட படங்களில் ஒவ்வொரு ஏற்றமும் தொடங்கும் இடத்திலேயே ஓர் அம்பு கச்சிதமாக நிற்கும். யாருக்குத்தான் ஆசை வராது?

நான் வாங்கும்போது மட்டும் பாதி ஏற்றம் முடிந்திருக்கும். சில நாள் பச்சை வந்த கையோடு விலை சரிந்தது. கேட்டால், "உங்க சைக்காலஜி சரியில்ல சார்." ஐந்து வாரத்தில் 64,000 போனது. முழுப் பழியையும் அவர்மேல் போட மாட்டேன். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன் வர்த்தகம்) செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024இல் சொன்னதைப் படித்துவிட்டுத்தான் நானும் இறங்கினேன்.

சந்தேகம் வந்ததும் நிமிடத்துக்கு நிமிடம் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். ஒரு வியாழக்கிழமை, ஐந்து நிமிட சார்ட்; அதில் ஒவ்வொரு ஐந்து நிமிட விலை நகர்வும் ஒரு கேண்டில். காலை 10.45 வரை அம்பே இல்லை. 10.40 கேண்டில் 10.45க்கு மூடியதும் வந்தது. எங்கே? 10.25 கேண்டிலின் அடியில்! மூன்று கேண்டில் பின்னால் தள்ளி நட்டு வைக்கிறது. சாயங்காலம் சார்ட்டைப் பார்ப்பவருக்கு அது முன்கூட்டியே சொன்னதுபோலத் தெரியும்.

அதே சார்ட்டின் கீழே, ட்ரெண்டின் பலத்தை அளக்கும் ஏடிஎக்ஸ் என்ற இலவச இண்டிகேட்டரைப் போட்டுப் பார்த்தேன். கோடு 25ஐத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அம்பு. அதை உருவாக்கிய வெல்ஸ் வைல்டர் 1978இல் புத்தகமாகவே வெளியிட்டுவிட்ட கணக்கு அது; எந்த சார்ட்டிங் தளத்திலும் சும்மா கிடைக்கும். பலம் எவ்வளவு என்பதை மட்டும்தான் அது சொல்லும், திசையைச் சொல்லாது. விலை வேகமாக விழுந்தாலும் ஏடிஎக்ஸ் ஏறத்தான் செய்யும். திசைக்குக் கூடவே வரும் பிளஸ் டிஐ (ஏற்றம்), மைனஸ் டிஐ (இறக்கம்) கோடுகளைப் பார்க்க வேண்டும். இவர்கள் அந்த இரண்டையும் மறைத்துவிட்டு, விழுந்தாலும் பச்சை, ஏறினாலும் பச்சை என்று வைத்திருக்கிறார்கள். சராசரிக்கு மேல் சராசரி எடுப்பதால் ஏடிஎக்ஸ் இயல்பிலேயே தாமதமாகத்தான் வரும். அந்தத் தாமதத்தை மறைக்கத்தான் மூன்று கேண்டில் தள்ளல்.

அம்பு பின்னால் தள்ளி வந்த படம், ஏடிஎக்ஸோடு ஒப்பிட்ட படம் இரண்டையும் குழுவில் போட்டேன். பத்தே நிமிடத்தில் என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். செபி பதிவு எண்ணை முன்பே கேட்டிருந்தேன். பங்குப் பரிந்துரை தரும் ரிசர்ச் அனலிஸ்ட் என்றால் ஐஎன்எச் என்று தொடங்கும் எண் இருக்கும், செபி தளத்தில் தேடிப் பார்க்கலாம். "நாங்க டிப்ஸ் தரல, கல்வி மட்டும்தான்" என்றார்கள். கல்வி மட்டும் தருபவர் கடைசி மூன்று மாத விலையை வைத்துப் பங்குகளைப் பற்றிப் பேசக் கூடாது என்று செபி 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. இவர்கள் பாடம் நடத்தியதோ அன்றன்றைய விலையில்.

சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை. நண்பன் ஒருவன் அந்தக் குழுவில் இன்னும் இருக்கிறான். அதே அம்பு, இப்போது 24,000 ரூபாயாம்.